இருபத்திரண்டு மில்லிமீட்டர்

எட்டு மணிக்குக் கரண்ட் வரும் என்றார்கள்.
ஏழரைக்கே கராஜில் குந்திவிட்டேன்,
சின்ன டார்ச்சைப் பல்லில் கவ்வி,
கையில் ஐந்தாம் நம்பர் ஆலன் சாவி.
டர்பனில் சனி இரவை இப்படியும் கழிக்கலாம்.

சைக்கிள் ஒன்று. உரிமைக்காரிகள் இருவர்.
நானும் நாத்தனார் லோகவதியும்
ஆளுக்குப் பாதி போட்டு
பைன்டவுனில் ஒரு பல் டாக்டரிடம் வாங்கினோம்.
சனி அவளுக்கு, ஞாயிறு எனக்கு,
மற்ற நாளெல்லாம் யார் முதலில் கண் விழிக்கிறாளோ அவளுக்கு.

அவள் மலை ஏறுகிறவள்.
இன்சாங்கா ஏற்றத்தில்
சீட்டின் பின்விளிம்புக்கு நகர்ந்து
இடுப்பைக் கொடுத்து மிதிப்பாள்.
எனக்கு மூன்று வேலை:
கடலில் நீந்தி, நாற்பது கிலோமீட்டர் மிதித்து,
இறங்கிப் பத்து ஓடவேண்டும்.
அந்த மூன்றாவதில்தான் வழக்கு.

போன மார்ச்சில் அவள் அளவிலேயே ஓட்டிப் பார்த்தேன்.
முழங்கைகளை ஊன்றிக் குனிந்தபோதெல்லாம்
தொடை வந்து வயிற்றில் இடித்தது.
இறங்கினால், கால்கள் என்னுடையவை அல்ல.
இரவல் கொடுத்தவர் வாசலில் நின்று திருப்பிக் கேட்கிற கால்கள்.
நார்த் பீச் நடைபாதையில்
ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே ஒரு பையன் என்னை முந்திப் போனான்.

ஆகவே முன்னே.

போல்ட் தளர்ந்ததும்
தன் இரட்டைக் கம்பியில் வழுக்கி வருகிறது சீட்,
இருபத்திரண்டு மில்லிமீட்டர்.
அத்தோடு விடாது.
முன்னே வந்தால் பெடல் கிட்டே வந்துவிடும்,
தண்டை ஆறேழு மில்லி தூக்கவேண்டும்,
மூக்கை ஒரு நெல்மணி தாழ்த்தவேண்டும்.
தாழ்த்தாவிட்டால் என்ன ஆகும் என்று
ஆண்கள் சிரித்து மழுப்புவார்கள்,
பெண்களை யாரும் கேட்பதில்லை.
நான் சொல்கிறேன்: மரத்துப்போகும்.
இருபதாவது கிலோமீட்டரில்
அங்கே ஒன்றுமே இல்லை என்றாகி,
வீடு வந்து குளிக்கும்போது
எல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வரும்.

சுவரில் சாய்த்த சைக்கிளில் ஏறி உட்கார்ந்து
முழங்காலில் நூல் கட்டித் தொங்கவிட்டேன்.
நுனியில் என் கணவரின் தூண்டில் ஈயக்குண்டு.
லோகவதிக்கு அது பெடல் அச்சின் மேல்
சொன்னபடி நிற்கும்.
எனக்கு அச்சைத் தாண்டி முன்னே ஆடுகிறது,
பந்தி போடுமுன்பே இலை பிடிக்கிறவள் என்று
காட்டிக்கொடுப்பதுபோல்.

தண்டில் இரண்டு கோடுகள்.
அவளுடையது கறுப்பு டேப்.
என்னுடையது சிவப்பு நகப்பூச்சு,
ஒரு கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சியது.
இருட்டில் கோடு மாறி
ஒருமுறை என் அளவிலேயே மலை ஏறிவிட்டு வந்து
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை அவள்,
முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டு.

இப்போது கராஜ் கம்பிக்கதவில் சாய்ந்து நிற்கிறாள்,
காலையில் போட்ட சாக்ஸ் இன்னும் காலில்.
"வாராவாரம் எதற்கு இந்தப் பாடு?
நடுவிலே வைத்துவிடலாமே, பதினொன்றில்."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.
குடும்பத்தில் எத்தனை விஷயம்
பதினொன்றில் நிற்கிறது:
தீபாவளி யார் வீட்டில் என்பது,
குழம்பின் புளி,
அவள் அண்ணனோடு நான் போடும் சண்டை.

"வேண்டாம். ரெண்டு பேருக்கும் வலிக்கும்" என்றேன்.
டார்ச் வாயில் இருந்ததால்
அவளுக்கு என்ன கேட்டதோ.
வந்து பக்கத்தில் குந்தி
சீட்டை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டாள்,
நான் முறுக்கினேன்,
அளவுச்சாவி கிளிக் என்னும்வரை, அதற்கு மேல் இல்லை.

நாளை அதிகாலை கடலோரச் சாலையில்
உம்ட்லோட்டி வரை வடகிழக்குக் காற்று எதிரே நிற்கும்.
எடையெல்லாம் முழங்கையில் இருக்கும்,
கைப்பிடி குட்டி ஆடுபோல் துள்ளும்.
ஓட்டம் எப்படி என்று இறங்கினால்தான் தெரியும்.

கரண்ட் எட்டு இருபதுக்கு வந்தது.
எழுந்து வீட்டுக்குள் நடந்தேன்.
பின்னாலேயே
டொக், டொக், டொக் என்று ஒவ்வொரு படியிலும் தட்டியபடி
அவிழ்க்க மறந்த ஈயக்குண்டு.
லோகவதி சொல்லவேயில்லை.
சமையலறை வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.